சோற்றோடு கோபித்துக்கொண்ட இரண்டு பேர்

எங்கள் பள்ளிக்கூட விளையாட்டுப் போட்டியில், ஆசிரியைகளுக்கான சங்கீதக் கதிரையில் நான் முதலாமிடம் பெற்றேன். கடைசியில் ஒரேயொரு கதிரைதான் எஞ்சியிருந்தது. அதைச் சுற்றி நானும் மனையியல் படிப்பிக்கிற டீச்சரும் ஓடிக்கொண்டிருந்தோம். பாட்டு நின்றது. பாய்ந்துபோய் அதில் இருந்தேன். இருந்த கையோடு அந்தப் பச்சைப் பிளாஸ்டிக் கதிரையின் கால்கள் நான்கும் நாலாபக்கமும் விரிந்தன. படார் என்று ஒரு சத்தம். பிள்ளைகள், பெற்றோர், அதிபர், பிரதம விருந்தினர் எல்லோரும் பார்த்துக்கொண்டிருக்க நான் புல்லில் இருந்தேன். கதிரையின் முதுகு மட்டும் என் முதுகோடு ஒட்டிக்கொண்டு நின்றது.

நடுவராக நின்ற பிரதி அதிபர் விசிலை வாயிலிருந்து எடுத்தார். உடைந்த கதிரையையும் என்னையும் பார்த்தார். "உடையிறதுக்கு முதல் இருந்திட்டா. அதால அவதான் வெற்றி" என்று ஒலிபெருக்கியில் தீர்ப்புச் சொன்னார். அதன் பிறகு எழுந்த சிரிப்பு பள்ளிக்கூடத்துக்குப் பக்கத்து வாவியின் அக்கரைக்குக் கேட்டிருக்கும்.

எல்லோரையும் விடக் கூடுதலாகச் சிரித்தது என்னிடம் தோற்ற மனையியல் டீச்சர்தான். சிரித்துச் சிரித்து நிற்க முடியாமல் எனக்குப் பக்கத்திலேயே புல்லில் இருந்துவிட்டார். அவர் காத்தான்குடிக்காரி. நான் கல்லடியில் இருக்கிறேன், கணிதம் படிப்பிக்கிறேன். பதினைந்து வருடமாக ஒரே ஆசிரியர் அறையில் பக்கத்துப் பக்கத்துக் கதிரை. காலையில் அவருடைய ஸ்கூட்டியின் பின்னால் ஏறித்தான் பள்ளிக்கூடம் போவேன். இருந்தும் இன்றுவரை அவர் எனக்கு டீச்சர், நான் அவருக்கு டீச்சர்.

அடுத்த கிழமை அவருடைய சிரிப்பும் அடங்கிவிட்டது. இரத்தப் பரிசோதனைத் தாளை மேசையில் விரித்து வைத்தார்.

"சீனி எல்லையில நிக்குதாம் டீச்சர். இன்னும் கொஞ்சம் கூடினா சீனி வருத்தம் எண்டு எழுதிருவாங்களாம். உடம்பக் குறைக்கட்டாம்."

"எனக்குக் கதிரை சொல்லிட்டுது. உங்களுக்குக் கடதாசி சொல்லியிருக்கு" என்றேன்.

அந்த நாட்களில் எங்கள் ஊர் முழுக்க ஒரு குரல் பதிவு சுற்றிக்கொண்டிருந்தது. பேசியவர் யார் என்று யாருக்கும் தெரியாது. கனமான குரல். இடையிடையே செருமிக்கொள்வார். அந்தச் செருமலில்தான் நம்பிக்கையே வந்தது. அவர் சொன்னது இரண்டு விடயம். சோறு நஞ்சு, அதை விட்டால் உடம்பு தானாக இறங்கும். இரண்டாவது, பின்னேரம் ஆறு மணிக்கு வயிறு தூங்கப் போய்விடும். அதற்குப் பிறகு வாயில் போடுகிற ஒவ்வொரு கவளமும் நேரே கொழுப்பாகிவிடும்.

நான் கணிதக்காரி. வயிற்றுக்கு மணிக்கூடு பார்க்கத் தெரியுமா என்று கேட்டிருக்க வேண்டும். அவர் மனையியல்காரி. மாச்சத்தைக் காபோவைதரேற்று என்று வெண்கட்டியால் கரும்பலகையில் எழுதி, அதற்குக் கீழே இரண்டு கோடும் போடுகிறவர். அவர் என்னைவிடக் கூடுதலாகக் கேட்டிருக்க வேண்டும். நாங்கள் கேட்டது ஒன்றே ஒன்றுதான்.

"எப்ப இருந்து துவங்குவம்?"

"நாளைக்கு."

நாளை என்றால் வெள்ளிக்கிழமை. காத்தான்குடியில் வெள்ளிக்கிழமை மதியம் அவர்கள் வீட்டில் இறைச்சியும் நெய்ச்சோறும். ஆகவே சனிக்கிழமை தொடங்கினோம்.

என் கணவர் வேளாண்மை செய்கிறவர். உன்னிச்சைக் குளத்து நீர் பாய்கிற வட்டையில் எங்களுக்கு ஆறு ஏக்கர் வயல் இருக்கிறது. வருடத்தில் பாதி நாள் அவர் வாயில் வேளாண்மையைத் தவிர வேறு கதை வராது. அந்தச் சனிக்கிழமை மதியம் அவர் கோப்பை நிறையச் சிவப்பரிசிச் சோறும் பாரை மீன் குழம்புமாக இருந்தார். நான் எனக்கு முன்னால் ரொட்டியை வைத்துக்கொண்டு இருந்தேன்.

"சோறு எங்க உனக்கு?"

"நான் சோத்த விட்டுட்டன்."

அவர் கையில் எடுத்த கவளம் பாதி வழியில் நின்றது. நான் சமயம் மாறிவிட்டேன் என்று சொல்லியிருந்தால்கூட அப்படிப் பார்த்திருக்க மாட்டார்.

"ஏன்? என்ட அரிசியில என்ன குற்றம்?"

"உங்கட அரிசியில குற்றமில்ல. எல்லா அரிசியிலயும் குற்றம்."

"ஆர் சொன்ன?"

"வட்ஸப்பில ஒராள் சொன்னார்."

"அவர் ஒரு போகமாவது வேளாண்மை செய்து பாத்தவரோ?" என்று கேட்டுவிட்டு மிச்சச் சோற்றை என் பக்கம் பாராமல் சாப்பிட்டார். அவர் மனம் நொந்தது எனக்குத் தெரிந்தது. ஆனாலும் கொள்கை கொள்கைதானே. நான் என் ரொட்டியைப் பிய்த்துத் தேங்காய்ச் சம்பலில் தொட்டேன். மூன்றாவது ரொட்டி அது. சோறில்லாத வயிறு லேசாக இருக்க வேண்டும் என்று நினைத்தேன். இருக்கவில்லை, நன்றாக நிறைந்திருந்தது. அதையும் ஒரு நல்ல சகுனமாக எடுத்துக்கொண்டேன்.

சோற்றை விட்டவர்களுக்கு இந்த உலகம் எவ்வளவு தாராளமானது என்பது அந்த மூன்று கிழமையில்தான் தெரிந்தது. காலையில் குரக்கன் என்கிற கேழ்வரகில் புட்டு, ஏனென்றால் குரக்கன் சோறில்லை. பத்து மணிக்குப் பேக்கரிப் பாணும் பருப்பும், பாணும் சோறில்லை. மதியம் அவித்த மரவள்ளிக்கிழங்கும் மிளகாய்ச் சம்பலும், இல்லாவிட்டால் ரொட்டி. பள்ளிக்கூடம் விட்டு வருகிற வழியில் கதலி வாழைப்பழம் நாலைந்து, பழம் எப்படிச் சோறாகும்? டீச்சர் வீட்டிலிருந்து ஒரு டப்பாவில் வறுத்த கஜு, அதுதான் முந்திரிப்பருப்பு, கொண்டுவருவார். கல்லடிப் பாலத்தைக் கடக்கிறபோது நான் பின்னாலிருந்து அவருக்கு ஒவ்வொன்றாக எடுத்துக் கொடுப்பேன். அவர் வாயைத் திறந்து வாங்கிக்கொண்டே ஸ்கூட்டியை ஓட்டுவார். பாலம் முடிகிறபோது டப்பாவும் முடியும்.

இரவுச் சாப்பாட்டை ஆறு மணிக்கு முன்னால் முடிக்க வேண்டும் என்பதுதான் வீட்டில் பெரிய கூத்து. ஐந்தரைக்கே மேசையில் எல்லாவற்றையும் பரப்பிவிடுவேன். ஆறு மணிக்குப் பிறகு காலைவரை ஒன்றுமில்லையே என்ற பயம். அந்தப் பயத்தில் வயிறு நாளை மறுநாளுக்கும் சேர்த்துக் கேட்டது. ரொட்டி, கத்தரிக்காய்ப் பால்கறி, வாவி இறால் பொரியல். கடைசியில் ஒரு சட்டி எருமைத் தயிரில் பாதி, அதற்கு மேல் மூன்று கரண்டி சீனி. ஐந்து ஐம்பத்தைந்துக்கு நான் தின்கிற வேகத்தைப் பார்த்துக் கணவர் வாசலிலேயே நின்றுவிடுவார்.

"ஆரும் பறிச்சிட்டுப் போகப்போறாங்களோ?"

"கதைக்காதீங்க! அஞ்சு நிமிசம்தான் இரிக்கு."

"சுவர் மணிக்கூடு அஞ்சு நிமிசம் பிந்தி ஓடுது" என்று ஒருநாள் சொன்னார். நான் நெஞ்சைப் பிடித்துக்கொண்டேன். அப்படியானால் நான் ஒரு கிழமையாக ஆறு மணிக்குப் பிறகும் தின்றிருக்கிறேன்! கடைசிச் சட்டித் தயிரெல்லாம் நேரே கொழுப்பாகியிருக்குமே! உடனே டீச்சருக்கு அழைப்பெடுத்தேன். அவர் மிகவும் கவலைப்பட்டு, "அப்ப நாளைக்கு அஞ்சு நிமிசம் முந்தி முடிச்சு நேர் பண்ணுங்க" என்று ஆறுதல் சொன்னார். கணக்கு எனக்குச் சரியாகத்தான் பட்டது.

மூன்று கிழமை முடிந்ததும் நிறை பார்க்க வேண்டும் என்று ஆசை வந்தது. நகரத்தில் மருந்துக்கடையில் தராசு இருக்கிறதுதான். ஆனால் அங்கே நிற்கிற பிள்ளை எங்கள் பள்ளிக்கூடத்துப் பழைய மாணவி. மறுநாள் காலைக் கூட்டத்துக்குள் எங்கள் நிறை ஊருக்கே தெரிந்துவிடும். ஆகவே ஒரு சனிக்கிழமை கணவரின் லான்ட்மாஸ்டர் உழவு மிசினின் பெட்டியில் ஏறி, நெல் குத்தப் போகிற சாட்டில் உன்னிச்சைப் பக்கத்து அரிசி மில்லுக்குப் போனோம். தொடங்கிய அன்று பின்னேரமும் அங்கேதான் நிறுத்திருந்தோம். நெல் மூட்டை நிறுக்கிற பெரிய மேடைத் தராசு அது. ஒரு கிலோவுக்கு அங்கே இங்கே பொய் சொல்லாது.

மில்காரருக்கு நாற்பது வருடப் பழக்கம். தராசில் எது ஏறினாலும் உரக்கச் சொல்லித்தான் ஆக வேண்டும்.

நான் ஏறினேன்.

"எம்பத்து மூண்டு!" என்று மில்லின் இரைச்சலுக்கு மேலால் கூவினார். பிறகு என் சேலையை ஒருமுறை பார்த்துவிட்டு, "சாக்குக்கு ஒரு கிலோ கழிக்கட்டா?" என்று கேட்டார்.

மூன்று கிழமைக்கு முன் நான் எண்பத்தொன்று.

"சரியா பாருங்க" என்றேன். அவர் கல்லைத் தட்டிப் பார்த்தார், என்னை இறக்கி ஏற்றினார், அசையாமல் நிற்கச் சொன்னார். எண்பத்து மூன்றுதான். அடுத்தது டீச்சர் ஏறினார். அபாயாவை இறுக்கிப் பிடித்துக்கொண்டு, மூச்சை உள்ளே இழுத்து, கண்ணையும் மூடிக்கொண்டார்.

"எழுபத்தேழு!"

அவருக்கும் ஒரு கிலோ கூடியிருந்தது. கண்ணைத் திறக்காமலே, "ரப்பே, மூச்ச விட்டிட்டுத் திரும்பப் பாருங்க காக்கா" என்று மில்காரரை அண்ணன் முறை சொல்லிக் கெஞ்சினார். மூச்சுக்கு நிறை இல்லை என்று கணவர் விளக்க முயன்றார். நாங்கள் இரண்டு பேரும் அவரை ஒரே மாதிரித் திரும்பிப் பார்த்தோம். அவர் நெல்லைப் பார்க்கப் போய்விட்டார்.

வருகிற வழியெல்லாம் காரணம் தேடினோம். இரண்டு பேருமே சோற்றில் ஒரு பருக்கைகூடத் தொடவில்லை. ஆறு மணிக்குப் பிறகு தண்ணீரைத் தவிர ஒன்றுமில்லை. கடைசியில், தண்ணீர்தான் கூடிப்போயிருக்கும் என்று முடிவுக்கு வந்தோம்.

உண்மை வெளியில் வந்தது தவணைப் பரீட்சையின்போது. டீச்சர் திருத்தி முடித்த பத்தாம் வகுப்பு மனையியல் விடைத்தாள்களுக்குப் புள்ளி கூட்டிக் கொடுக்க நான் இருந்தேன். கூட்டல் எப்போதும் என் வேலை. மதிய வெயில், காற்று அனலாக வீசிக்கொண்டிருந்தது. ஆசிரியர் அறையில் எங்களைத் தவிர யாரும் இல்லை. மேசையில் வழக்கம்போல மரவள்ளிக்கிழங்கு.

ஒரு பிள்ளையின் தாளைப் புரட்டும்போது கையெழுத்து முத்துமுத்தாக இருந்ததால் சும்மா வாசித்தேன். காபோவைதரேற்று அடங்கிய உணவுகள் ஐந்து தருக என்று கேள்வி. பிள்ளை எழுதியிருந்தது: சோறு, பாண், ரொட்டி, மரவள்ளிக்கிழங்கு, குரக்கன். ஐந்துக்கும் சிவப்பு மையில் சரி போட்டு, பக்கத்தில் 'மிக நன்று' என்றும் எழுதியிருந்தது. டீச்சரின் கையெழுத்து.

நான் அந்த வரிசையை இரண்டாம் முறை வாசித்தேன். பிறகு மேசையிலிருந்த கிழங்கைப் பார்த்தேன்.

"டீச்சர்."

"ம்?"

"இந்தப் பிள்ளைக்கு ஏன் முழுப் புள்ளி போட்ட?"

"ஏன், பிழையோ? காட்டுங்க." வாங்கி வாசித்தார். "எல்லாம் சரிதானே. சோறு, பாண், ரொட்டி, மரவள்ளி..."

அந்த இடத்தில் அவர் குரல் நின்றது. வாயில் இருந்த கிழங்கை மெல்லுவதும் நின்றது. மெல்லத் தலையை நிமிர்த்தி என்னைப் பார்த்தார்.

"குரக்கன்" என்று நான் மிச்சத்தையும் வாசித்துவிட்டேன்.

நாங்கள் சோற்றை விடவில்லை. சோற்றின் அண்ணன் தம்பி, மாமன் மச்சான் எல்லோரையும் வீட்டுக்குக் கூப்பிட்டு, ஒருவருக்குப் பதிலாக நாலு பேருக்குப் பாய் விரித்திருக்கிறோம். அந்தக் கேள்வியைத் தயாரித்தவர் டீச்சர். பதினைந்து வருடமாக அதைப் படிப்பித்தவரும் அவர்தான்.

முதலில் அவருக்கு ஒரு விக்கல் வந்தது. அதற்குப் பிறகு சிரிப்பு. கிழங்குத் துண்டு ஒன்று பறந்துபோய்ப் பிரதி அதிபரின் கதிரையில் விழுந்தது. அதைப் பார்த்ததும் எனக்கும் பிடித்துக்கொண்டது. மேசையில் தலையைச் சாய்த்துச் சிரித்தோம். "மிக நன்று" என்று ஒருவர் சொல்ல மற்றவர் திரும்பவும் தொடங்க, விலா நொந்து, கண்ணில் தண்ணீர் வந்து, விடைத்தாள்கள் காற்றில் அறை முழுக்கப் பறந்தன. சத்தம் கேட்டு எட்டிப் பார்த்த, சங்கீதம் படிப்பிக்கிற சேர் யாருக்கோ ஏதோ நடந்துவிட்டதென்று பயந்து தண்ணீர் கொண்டுவந்தார். "என்ன, என்ன நடந்த?" என்று கேட்டார். டீச்சர் அவரிடம் விடைத்தாளை நீட்டி, "குரக்கன்" என்று மட்டும் சொன்னார். அவர் எங்கள் இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்துவிட்டுத் தண்ணீர்ப் போத்தலை வைத்துவிட்டு விலகிப் போனார்.

சிரித்தோமே தவிர, வேறு என்ன தின்பது என்று தெரியாமல் பழைய சாப்பாட்டையே தொடர்ந்தோம். அடுத்த செவ்வாய்க்கிழமை டீச்சருக்கு ஆஸ்பத்திரியில் கிளினிக். துணைக்கு நானும் போனேன். நீள மர வாங்கில் வரிசையாக இருந்து காத்திருந்த நேரத்தில்தான், பதினைந்து வருடத்தில் சொல்லாத ஒன்றை அவர் சொன்னார். அவருடைய வாப்பாவுக்குச் சீனி வருத்தத்தால் ஒரு காலை எடுத்துவிட்டார்களாம். டீச்சர் சின்னப் பிள்ளையாக இருக்கும்போது வாப்பாவின் மற்றச் செருப்பை உம்மா அலுமாரிக்கு மேலே எடுத்து வைத்திருந்தாராம்.

"எனக்குப் பயம் டீச்சர். அதாலதான் அந்த மனிசன் சொன்னத அப்படியே நம்பின. லேசான வழி ஒண்டு சொல்றார் எண்டு."

நான் அவருடைய கையைப் பிடித்துக்கொண்டேன். அந்த மூன்று கிழமைக் கூத்துக்கு அடியில் இவ்வளவு பயம் இருந்தது எனக்குத் தெரியாது. எனக்கு அவமானம் மட்டும்தான் இருந்தது, அதையும் சிரித்துத் தள்ளியிருந்தேன்.

உள்ளே சாப்பாட்டு ஆலோசனை சொல்கிற மிஸ்ஸி, அதாவது தாதி, மெலிந்த, வயதான பெண். கண்ணாடியை மூக்கு நுனிக்கு இறக்கிவிட்டு, "நேத்து விடிஞ்சதில இருந்து படுக்கும் மட்டும் என்ன சாப்பிட்ட? ஒண்டும் ஒழிக்காமச் சொல்லுங்க" என்றார். டீச்சர் சொல்லத் தொடங்கினார். மறந்த இடங்களில் நான் எடுத்துக் கொடுத்தேன், என்னுடைய ஐந்து ஐம்பத்தைந்துத் தயிரையும் சேர்த்தே சொன்னேன். மிஸ்ஸி எழுதிக்கொண்டே போனார். தாள் முடிந்து மறுபக்கம் திருப்பினார். கஜு டப்பாவுக்கு வந்தபோது பேனையை வைத்துவிட்டார்.

"பாலத்துக்கு மேலயோ?"

"ஓம் மிஸ்ஸி. இவதான் ஊட்டிவிடுற."

மிஸ்ஸியின் தோள் ஒருமுறை குலுங்கியது. ஆனால் முகத்தைக் கட்டுப்படுத்திக்கொண்டார். மேசையின் கீழிருந்து தட்டையான ஒரு சோற்றுக் கோப்பையை எடுத்தார். கறுப்பு மையால் அதில் கோடு கீறி மூன்றாகப் பிரித்திருந்தது. பாதிக் கோப்பைக்கு இலைக்கறியும் மரக்கறியும். மிச்சப் பாதியில் ஒரு பங்குக்கு மீன், முட்டை, பருப்பு. மற்றப் பங்கில்தான் சோறு.

"இந்தக் கால்வாசி இடத்தில சோறு வைக்கலாம். தவிடு போகாத சிவப்பரிசியெண்டா இன்னும் நல்லம். சோத்துக்குப் பதிலா ரொட்டி வைக்கலாம், கிழங்கு வைக்கலாம். ஆனா பதிலா. சோத்த விட்டுப்போட்டு மூண்டு மடங்குக்கு ரொட்டி திண்டா உடம்புக்கு அது விளங்கும், சோறில்ல எண்டு ஏமாத்த ஏலாது. பிறகு அந்தத் தேங்காய்ச் சம்பல், கஜு, தயிருக்குச் சீனி, அதெல்லாம் ஆர்ர கணக்கில?"

"அப்ப ஆறு மணி?" என்று நான் கேட்டேன். அந்த ஆறு மணிக்காக நான் பட்ட பாடு எனக்குத்தான் தெரியும்.

"ஆறு மணிக்கு என்ன?"

"வயிறு தூங்கிருமாம்."

மிஸ்ஸி கண்ணாடியைக் கழற்றினார். "இந்த வார்ட்டில ராத்திரி வேலை செய்யிற பிள்ளைகள் ரெண்டு மணிக்கும் சாப்பிடுறாங்க. அவங்கட வயிறு எழும்பித்தான் இரிக்கு."

டீச்சருக்கு அப்போதுதான் ஒன்று உறைத்தது. மடியில் ஒரு அடி அடித்துக்கொண்டார். "மெய்தானே! நோம்பு முப்பது நாளும் நாங்க பொழுதுபட்டு மஃரிபுக்குப் பிறகுதானே திங்கிற! ஆறு மணிக்குப் பிறகு திங்கிறதெல்லாம் கொழுப்பெண்டா எங்கட ஊரே உருண்டுதானே போயிரிக்கணும்!"

"நோம்பில மெலியிற ஆக்களும் இரிக்காங்க, பருக்கிற ஆக்களும் இரிக்காங்க" என்றார் மிஸ்ஸி. "நோம்பு திறக்கிற நேரம் எல்லாருக்கும் ஒண்டுதான். பாயில என்ன விரிச்சிரிந்த, எவ்வளவு விரிச்சிரிந்த எண்டதுதான் வித்தியாசம். வயிறு முட்டத் திண்டுட்டு உடனே படுக்காதீங்க, நித்திரையும் வராது, நெஞ்சும் எரியும். ஒரு ஒழுங்கான நேரத்தில சாப்பிடுங்க, அது நல்லம். அதுக்காக மணிக்கூட்டுக்குப் பயந்து அஞ்சு அம்பத்தஞ்சுக்கு ஒரு சட்டித் தயிரை விழுங்கத் தேவையில்ல. நாள் முழுக்க எவ்வளவு போகுது, எவ்வளவு நடக்கிறீங்க, அதுதான் கணக்கு. உங்களுக்குச் சீனி எல்லையில நிக்கிறதால அளவும் முக்கியம், இனிப்புத் தேத்தண்ணியும் முக்கியம். கிளினிக்குக்கு வராம விட்டிராதீங்க."

வெளியே வந்ததும் நாங்கள் செய்த முதல் வேலை ஆஸ்பத்திரிக்கு எதிரேயிருந்த சாப்பாட்டுக் கடையில் சோறு வாங்கியது. ஒரு பார்சலை இரண்டாகப் பங்கிட்டோம். டீச்சர் கைப்பையிலிருந்து பேனையை எடுத்து வாழையிலையில் கோடு கீறினார். வல்லாரைச் சம்பலும் பயற்றங்காயும் பாதிப் பக்கம், சூரை மீன் ஒரு துண்டு, சோறு அந்த மூலையில். முதல் வாய்ச் சோற்றை விழுங்கியபோது எனக்குக் கண் கலங்கிவிட்டது. இது மிகைப்படுத்திச் சொல்வதல்ல. உப்புப் போட்ட, சாதாரண, கடைச் சோறு. அவ்வளவு ருசியாக ஒன்றை நான் அதற்கு முன் சாப்பிட்டதில்லை.

அன்று பின்னேரம் வீட்டுக்குப் போய் கணவரிடம், "அரிசியில குற்றமில்லையாம்" என்றேன்.

"எனக்குத் தெரியும்" என்றார். அவ்வளவுதான். ஆனால் அடுத்த நாள் காலையில் அடுக்களையில் ஒரு பை சிவப்பரிசி இருந்தது. கல் பொறுக்கி, புடைத்து, சுத்தமாக. அந்த வேலையை அவர் செய்து நான் பார்த்ததே இல்லை.

அதற்குப் பிறகு ஒன்றும் சட்டென்று நடந்துவிடவில்லை. பள்ளிக்கூடம் விட்டதும் ஸ்கூட்டியை மதிலோரம் நிறுத்திவிட்டு இரண்டு பேரும் வாவிக்கரை வீதியில் முக்கால் மணித்தியாலம் நடந்தோம். முதல் கிழமை என் செருப்பு கடித்தது. இரண்டாம் கிழமை டீச்சருக்குக் கால் சுளுக்கியது. நடுவில் ஒரு கலியாண வீட்டில் எல்லாக் கோட்டையும் மறந்து புரியாணி தின்றோம். தின்ற அடுத்த நாள் எதையும் விடவில்லை, பட்டினியும் கிடக்கவில்லை. திரும்பவும் கோப்பையில் கோட்டைக் கீறிக்கொண்டோம். மாதத்துக்கு ஒரு கிலோ, சில மாதம் அதுவும் இல்லை. இரவுச் சாப்பாடு ஏழரைக்கு, கணவரோடு சேர்ந்து. வட்டையில் அன்று எந்த வரம்பு உடைந்தது, எந்த வாய்க்காலில் நீர் வரவில்லை என்று அவர் சொல்லச் சொல்ல நான் மெல்லமாகச் சாப்பிடுவேன். ஒரு மாதமாக எங்களுக்குள் இந்தக் கதையே இல்லாமல் போயிருந்தது என்று அப்போதுதான் உணர்ந்தேன்.

சிறுபோக நெல் வெட்டு வந்தது. அதற்கு முந்திய நாள்தான் டீச்சருக்குப் பரிசோதனைத் தாள் கிடைத்திருந்தது. சீனி எல்லைக்குக் கீழே இறங்கிவிட்டது. மிஸ்ஸி அதைப் பார்த்துவிட்டு, "சரி, இனி இப்படியே நில்லுங்க" என்று மட்டும் சொன்னாராம். டீச்சருக்குச் சந்தோசம் பிடிபடவில்லை. விடுமுறையும் விட்டிருந்ததால், "எனக்கு உங்கட வேளாண்மையக் காட்டுங்க" என்று என்னோடு உன்னிச்சைக்கு வந்துவிட்டார்.

வயல் முழுக்க மஞ்சள். பெரிய வெட்டு மிசின் ஒரு கரையிலிருந்து மறுகரைக்கு இரைந்துகொண்டே நெல்லை விழுங்கியபடி போனது. வரம்பு மர நிழலில் இருந்து மதியச் சோறு சாப்பிட்டோம். டீச்சர் கை கழுவிவிட்டு மிசினையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"டீச்சர், அதில ஏறலாமோ?"

"எதில?"

"அதிலதான். எனக்குச் சின்ன வயசில இருந்து ஆசை. ஆரிட்டயும் சொன்னதில்ல."

கணவர் மிசின்காரரிடம் போய் ஏதோ கதைத்தார். மிசின்காரர் முதலில் தலையை ஆட்டி மறுத்தார், பிறகு எங்களைப் பார்த்தார், பிறகு சிரித்தார். டீச்சர் அபாயாவை முழங்காலுக்குச் சற்று மேலே தூக்கிக் கட்டினார். உள்ளே நீலக் காற்சட்டை போட்டிருந்தார். இரும்பு ஏணியில் ஏறி ஓட்டுநருக்குப் பக்கத்தில் போய் நின்றார். மிசின் அசைந்தது. அவர் ஒரு கையால் கம்பியைப் பிடித்துக்கொண்டு மறு கையை உயர்த்தி, "ஓ!" என்று கத்தினார். நாற்பத்தாறு வயது, பத்தாம் வகுப்புக்கு மனையியல் படிப்பிக்கிறவர். அந்தச் சத்தத்துக்கு வெட்டின வயலில் நின்ற கொக்குகள் கூட்டமாக எழும்பி, வெள்ளையாக ஒரு சுற்றுச் சுற்றி, மிசினுக்குப் பின்னாலேயே இறங்கின.

ஒரு சுற்று முடிந்து மிசின் எங்கள் பக்கம் வந்து நின்றது. டீச்சரின் முகமெல்லாம் வைக்கோல் தூசி. பல் மட்டும் வெள்ளையாகத் தெரிந்தது.

"ஏறுங்க! ஏறுங்க டீச்சர்! அங்கால குளம் தெரியுது!"

நான் கணவரைத் திரும்பிப் பார்த்தேன். அவர் என் செருப்பைக் கையில் வாங்கிக்கொண்டார். நான் சேலையைச் சொருகிக்கொண்டு ஏணியில் காலை வைத்தேன்.